உருகும் ஐஸும் ஒரு புகையிரதப் பாதையும்

பேலியகொடை மீன் சந்தையில் பெட்டிகளின் அடியில் ஐஸ் உருகி ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். உருகிய நீர் தானாகவே மறுபடி கட்டியாகி, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கியதை எவரேனும் கண்டதுண்டா? சக்தி அழியாது என்னும் விதி அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் விதி வேறு. அவ்விதியின் வரலாறு, சந்தைக்குச் சற்று அப்பால் களனி கங்கையைக் கடக்கும் புகையிரதப் பாதையின் காலத்தது.

1824இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர் நீராவி எந்திரம் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். எந்திரம் எத்துணை நேர்த்தியானதாயினும், அதன் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் விதிக்கும் எல்லையைத் தாண்டி வேலை தராது என்பது அவர் கண்ட உண்மை. நூலைப் படித்தோர் மிகச் சிலர். 1832இல் கொலரா அவரைக் கொண்டுபோயிற்று. அக்கருத்தைச் செப்பனிட்ட ஜேர்மன் அறிஞர் குளோசியசு, வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துப் பெறும் கணியத்துக்கு 1865 ஏப்பிரலில், சூரிச் நகரில், எந்திரப்பி என்று பெயரிட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் கொழும்பு–அம்பேபுச பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது!

துரைமாரின் கோப்பியைத் துறைமுகம் சேர்க்கவே அப்பாதை எழுந்தது. அக்கோப்பியைப் பறித்த தமிழ்த் தொழிலாளரோ மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள்; வழியிலேயே மாண்டோர் பலர். அந்நாளைய புகைவண்டிகள் நிலக்கரியின் சக்தியில் பத்திலொரு பங்கைக்கூட வேலையாக்கவில்லை. அந்நட்டத்தில் எந்திரக் குறைபாடு எவ்வளவு, இயற்கையின் விதி எவ்வளவு என்று பிரித்தறிய வழிகாட்டியவர் கார்னோ.

மாணவர் சூத்திரத்தை மனனம் செய்கின்றனர், கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிலோகிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 334,000 யூல் வேண்டும். அதை 273 கெல்வினால் வகுத்தால் ஐஸ் பெற்ற எந்திரப்பி 1,223. சந்தைக் காற்று 303 கெல்வினில் இருப்பின் அது இழந்தது 1,102. மிச்சம் 121. இது உலகில் புதிதாகச் சேர்ந்தது. இனி எவராலும் அழிக்கவொண்ணாதது.

இதைக் கொண்டு, ஒழுங்கின்மையே உலகின் விதி, சமுதாயத்தைத் திருத்த முயல்வது வீண் என வாதிடுவோரும் உளர். எந்திரப்பி குறையாது என்பது புறத்தொடர்பற்ற தொகுதிக்கே பொருந்தும். பூமி அத்தகையதன்று, சூரியனிடம் பெற்று, விண்வெளிக்கு விடுகிறது. அவ்வோட்டத்திலேதான் விதை மரமாகிறது. ஐஸ் ஆலையும் நீரைக் கட்டியாக்கவே செய்கிறது: மின்சாரத்தை உண்டு, ஆலையின் பின்புறத்தில் அனலைக் கக்கிக்கொண்டு.