விளம்பர வருவாயில் இயங்கிய இலவச கைப்பேசி சேவை

பயனாளர்களிடம் கட்டணம் பெறாமல், விளம்பர வருவாயைக் கொண்டே கைப்பேசி சேவையை நடத்த முயன்ற நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கது பிளிக். நோக்கியா நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பெக்கா அலா-பியெதிலா உள்ளிட்டோர் நிறுவிய இந்நிறுவனம், கடந்த 2007 செப்டம்பரில் பிரிட்டனில் சேவையைத் தொடங்கியது.

சொந்தக் கோபுரங்கள் இல்லாத பிளிக், ஆரஞ்சு நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கட்டமைப்பைப் பயன்படுத்தி இயங்கியது. 16 முதல் 24 வயது வரையிலானோர் மட்டுமே இதில் சேர முடிந்தது. அவர்களுக்கு மாதந்தோறும் 217 குறுஞ்செய்திகளும், 43 நிமிட அழைப்புகளும் இலவசமாக வழங்கப்பட்டன. அதற்கு ஈடாக, நாளொன்றுக்கு 6 விளம்பரச் செய்திகள் வரை அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது. பயனாளர்கள் தெரிவித்த விருப்பங்களின் அடிப்படையில் அந்த விளம்பரங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டன.

முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தபோதிலும், 2009-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பிளிக் தனித்து நடத்திய சேவை நிறுத்தப்பட்டது. பின்னர், பிற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு விளம்பரங்களை அனுப்பும் பணிக்கு அந்நிறுவனம் மாறியது.

இத்தகைய சேவையில் ஒவ்வொரு அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் செலவு உண்டு. பயனாளர்கள் பெருகப் பெருக அச்செலவும் உயரும். விளம்பர வருவாயும் அதற்கு இணையாக உயர்ந்தால் மட்டுமே இலவசம் நீடிக்கும்.