வேண்மாள்: சேரர் அரசியரின் பொதுப்பெயர்

வேண்மாள் என்பது வேளிர் குடியிற் பிறந்த பெண்ணைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வேள், மகள் என்னும் இரு சொற்கள் சேர, மகள் என்பது மாள் எனச் சுருங்கியும், ளகரம் மகரத்தின் முன் ணகரமாகத் திரிந்தும் இவ்வடிவம் பிறந்தது. மகன் என்பது மான் எனச் சுருங்கிச் சேரமான், மலையமான், அதியமான் என்னும் பெயர்களில் நிற்பதும் இம்முறையிலேயே; வேண்மாளுக்கு ஆண்பாலாகிய வேண்மான் அகநானூற்றில் நன்னனுக்குரிய பெயராக வருகிறது. வேள் என்னும் முதற்சொல் முருகனுக்கும் குறுநில மன்னர்க்கும் பொதுவாக வழங்கியது. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் பொதினி மலைக்குரிய தலைவனை நெடுவேள் ஆவி என்கிறார். அப்பொதினியே கொங்கின் தென்கோடியிலுள்ள இன்றைய பழனி.

இச்சொல்லைப் பெயரோடு தாங்கிய அரசியர் மூவர். உதியஞ்சேரலின் தேவியும் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் தாயுமான வெளியன் வேண்மாள் நல்லினி ஒருவர். இளஞ்சேரல் இரும்பொறையைப் பெற்ற மையூர்கிழான் வேண்மாள் அந்துவஞ்செள்ளை மற்றொருவர். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனோடு மலைவளம் காணச் செல்லும் இளங்கோ வேண்மாள் மூன்றாமவர். முதலிருவர்க்கும் தந்தையின் பெயர், குடிப்பெயர், இயற்பெயர் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்க, இளங்கோ வேண்மாளுக்குத் தனி இயற்பெயர் காணப்படவில்லை. ஆயினும் மூவருள் அவருடைய குரலே நமக்குக் கேட்கிறது. கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, தம் நாடு தேடி வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியத்தற்குரியவர் யார் என்று அரசன் வினவ, வந்த பத்தினியை வழிபடல் வேண்டும் என்று அவர் கூறும் விடையிலிருந்தே வஞ்சிக்காண்டத்தின் வடநாட்டுப் பயணமும் கல்லெடுப்பும் விளைகின்றன.

ஒரே பெயரை அரசியர் பலர் தாங்குவதால் எழும் பெயர்மயக்கம் இங்கிலாந்தின் 12ஆம் நூற்றாண்டு வரலாற்றிலும் உண்டு. 1100இல் முதலாம் ஹென்றியை மணந்த எடித், மட்டில்டா என்னும் பெயரை ஏற்றார். அவர் மகளும் மட்டில்டா. 1141இல் அம்மகளை எதிர்த்துப் படை திரட்டியவரும் ஸ்டீபன் மன்னனின் அரசியான இன்னொரு மட்டில்டாவே. அம்மூவரும் தாங்கியது இயற்பெயராகையால் அதைக் கொண்டு அவர்களுடைய பிறந்தகம் இன்னதென அறிய இயலாது. வேண்மாள் என்னும் சொல்லோ பிறந்தகத்தை மட்டுமே அறிவிக்கிறது.

பதிற்றுப்பத்தின் பதிகங்களில், அதாவது ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் பாட்டுடைத் தலைவனின் குடிவழியையும் செயல்களையும் தொகுத்துரைக்கும் பிற்சேர்க்கைகளில், இதனினும் சிக்கலான ஒரு பெயர் உண்டு. களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலின் தாயும் பெருஞ்சேரல் இரும்பொறையின் தாயும் வேளாவிக் கோமான் பதுமன் தேவி என்றே குறிக்கப்பெறுகின்றனர். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனின் தாய்க்குப் பதுமன் பெயரின்றி வேளாவிக் கோமான் தேவி என்னும் தொடர் மட்டும் நிற்கிறது. தேவி என்பதை மனைவி எனக் கொண்டால் பதுமனின் மனைவி சேரனுக்கு மகனைப் பெற்றதாகப் பொருந்தாப் பொருள் பிறக்குமாதலால், பதுமனின் மகளாகிய தேவி என்று கொள்வதே தகும். நார்முடிச் சேரலின் தந்தை நெடுஞ்சேரலாதனையும் பெருஞ்சேரல் இரும்பொறையின் தந்தை செல்வக்கடுங்கோவையும் மணந்தவர் பதுமனின் மகளிர் இருவர் என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிவு. எவ்வாறாயினும், பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு ஆளும் ஒருவரே எனத் துணிவது பெரும்பிழையாகும். சேரர் குடியின் இரு கிளைகளுக்கும் ஒரே ஆவியர் குடி பெண் கொடுத்தது என்னும் அரிய செய்தி அதனால் மறைந்துபோகும்.

கிடைத்துள்ள எட்டுப் பதிகங்களில் தாயைக் குறிப்பவை ஏழு. அவற்றுள் ஐந்து வேளிர் குலத்துப் பெண்களையே குறிக்கின்றன. பாடிய புலவர் வழியாகவும் இவ்வுறவு புலப்படும். ஆவியர் குடியில் புகழ்பெற்ற வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, அவருக்காக அவனிடம் பரிந்து பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர். இந்நால்வருமே பதிற்றுப்பத்தில் சேரரைப் பாடியவர்கள். பெண் கொடுத்த குடிக்கும் கொண்ட குடிக்கும் இடையே புலவர்கள் உரிமையோடு சென்று வந்ததை இது காட்டுகிறது.

இம்மண உறவு கொங்கில் வேரூன்றியதற்கு நிலமும் காரணம். மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூருக்கு வரும் வணிகவழி நொய்யல் கரையைத் தொட்டுச் செல்ல, அந்நிலத்தின் தெற்கெல்லையில் பொதினி மலை நின்றது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களைத் தீட்டித் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவ்வூரைக் கொடுமணம் என்று கூறும் பாட்டுகள் செல்வக்கடுங்கோவைப் பாடிய ஏழாம் பத்திலும், அவன் மகனைப் பாடிய எட்டாம் பத்திலுமே வருகின்றன. அம்மகன் பதுமன் தேவி பெற்றவன். எட்டாம் பத்தில் கொடுமணத்து அணிகலன்களைக் கூறும் 74ஆம் பாட்டில் அவனுடைய அரசியும் போற்றப்படுகிறார்.

கருவூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை உரைக்கிறதே தவிரத் தாயர் எவரையும் சுட்டவில்லை. ஆகவே இவ்வரசியரைப் பற்றிய அறிவு முழுவதும் ஏட்டிலிருந்தே வருகிறது. உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்திராவிடில் நல்லினியும் அந்துவஞ்செள்ளையும் பெயரளவிலும் தெரியாமற் போயிருப்பர்.

சோழர் காலத்தில் வேளிர் மணஉறவு தொடர்ந்தபோதிலும் அதை எழுதும் முறை மாறியது. திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக்கிய பூதி ஆதித்த பிடாரி, தென்னவன் இளங்கோவேளாரின் மகள் என்றும், முதற்பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் தேவி என்றும் கல்வெட்டில் தெளிவாகக் குறிக்கப்பெறுகிறார். மகள் என்பதற்கும் தேவி என்பதற்கும் தனித்தனிச் சொல் அமைந்துவிட்ட அவ்வாசகத்தில், பதுமன் தேவி என்னும் தொடர் எழுப்பிய ஐயத்துக்கு இடமில்லை.