பிலோத் இல்லாத ஸ்கேனர்

கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு கருவியை வேலை வாங்குகிற சின்ன மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் டிரைவர் என்று பெயர். தமிழில் இயக்கி என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் நாக்கில் வருவது 'பிலோத்' என்ற சொல்தான். விமானம் ஓட்டுகிறவருக்கும் பிரெஞ்சில் அதே பெயர். விமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிலோத் இல்லாவிட்டால் தரையில்தான் நிற்கும். நாகர்கோவிலில் பல வீடுகளில் பரணில் கிடக்கிற ஸ்கேனர்களின் கதையும் இதுதான். கண்ணாடி உடையவில்லை, விளக்கு எரிகிறது. ஆனால் புது விண்டோஸுக்கு அந்தக் கம்பெனி இயக்கி எழுதவில்லை. எனவே பெட்டி செத்ததாகக் கணக்கு.

காகிதத்தில் இருக்கும் எழுத்தைக் கம்பி வழியே அனுப்பும் யோசனை ரொம்பப் பழையது. கசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த 'பான்தெலெகிராஃப்' 1865-இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே சேவைக்கு வந்தது. தகட்டில் எழுதிய எழுத்தை ஒரு ஊசி வரி வரியாகத் தடவிப் போகும். மறுமுனையில் அதே எழுத்து காகிதத்தில் விழும். பாங்குக்காரர்கள் கையெழுத்தைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தினார்கள். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தச் செய்தி இனிக்காமல் இருக்குமா?

கம்ப்யூட்டருக்குள் முதன்முதலில் ஒரு படத்தை ஏற்றியவர் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ். 1957-இல் தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளில் ஏற்றினார். அது சுழலும் உருளை. கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனரை ரே குர்ஸ்வைல் 1976-இல் வெளியிட்ட வாசிப்பு எந்திரத்தில் பார்க்கலாம். பார்வையற்றவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதற்காகச் செய்தது அது.

தொண்ணூறுகளில் ஸ்கேனர் மேஜைக்கு வந்தது. 1992-இல் கம்பெனிகள் சேர்ந்து 'ட்வைன்' என்று ஒரு பொது முறை வகுத்தன. அதில் ஒரு சிக்கல். திரையில் பொத்தான்களோடு திறக்கும் சன்னலும், ஸ்கேனருக்கு உத்தரவு போடும் பகுதியும் ஒரே மூட்டை. அந்த மூட்டையை விண்டோஸுக்கோ மெக்கின்டாஷுக்கோ கம்பெனிதான் கட்டித் தரவேண்டும். லினக்ஸுக்கு யாரும் கட்டித் தரவில்லை.

1996 வாக்கில் டேவிட் மோஸ்பெர்கரும் ஆன்ட்ரியாஸ் பெக்கும் வேறு வழி யோசித்தார்கள். பெயர் 'சேன்', 'ஸ்கேனர் ஆக்ஸஸ் நவ் ஈஸி' என்பதன் முதலெழுத்துகள். ஆங்கிலத்தில் 'புத்தி தெளிந்த' என்று பொருள். பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட இதே ஒலியில் ஒரு சொல் உண்டு, 'ஆரோக்கியமான' என்று அர்த்தம், பெண்பாலில்! மூட்டையை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தாலுகா ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கவுண்டரில் ஒருவர் மனு வாங்குவார். உள்ளே ரெக்கார்டு ரூமில் ஒருவர் எந்த அலமாரியில் எந்தக் கட்டு என்று அறிந்திருப்பார். இருவருக்கும் நடுவே ஒரே மாதிரி துண்டுச்சீட்டு. அலமாரி மாறினாலும் கவுண்டர்காரருக்குக் கவலை இல்லை. சேனில் ஒவ்வொரு ஸ்கேனர் வகைக்கும் உள்ளே ஒரு ரெக்கார்டு கீப்பர்; முன்னால் எந்த நிரல் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு ஸ்கேனரைப் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்குவதும் இந்த ஏற்பாட்டால்தான் முடிகிறது.

அந்த ரெக்கார்டு கீப்பர்களை யார் எழுதியது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சில கம்பெனிகள் விவரக் குறிப்பு கொடுத்தன. பல கொடுக்கவில்லை. அப்போது தன்னார்வலர்கள் விண்டோஸில் ஸ்கேனரை ஓடவிட்டு, கம்பியில் போய்வரும் எண்களை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எந்த எண்ணுக்கு விளக்கு எரிந்தது, எந்த எண்ணுக்கு மோட்டார் நகர்ந்தது என்று மாதக்கணக்கில் ஊகித்து எழுதினார்கள். சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது.

இந்த மனப்பான்மைக்குப் பின்னால் ரிச்சர்டு ஸ்டால்மன் இருக்கிறார். எம்.ஐ.டி. ஆய்வகத்துப் பிரிண்டரின் மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்டதை அவர் அடிக்கடி சொல்லுவார். 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 'ஃப்ரீ' என்றால் இலவசமா, சுதந்திரமா என்று ஆங்கிலத்தில் இன்றும் விளக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சில் அந்தக் குழப்பமே இல்லை: 'லிப்ர்' வேறு, 'கிராத்துயி' வேறு. தமிழில் 'கட்டற்ற' என்று வைத்தவர்கள் நன்றாகவே வைத்தார்கள். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை அவர் 2001 ஜூலையில் தொடங்கிவைத்தது நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில். பிறகு கேரளப் பள்ளிகளே லினக்ஸுக்கு மாறின. நம் பக்கம் சென்னை சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011-இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படி ஒரு பழைய மடிக்கணினியும், பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்கேனரும்தான் என்னிடம் இருப்பவை. வாங்குமுன் சேன் திட்டத்தின் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் 'முழுமை', 'நன்று', 'அடிப்படை' என்று தொடங்கி 'ஆதரவு இல்லை' வரை தரம் போட்டிருப்பார்கள். செருகியதும் 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' என்ற கட்டளை கம்பியில் ஆள் இருக்கிறதா என்று சொல்லும். 'ஸ்கேன்இமேஜ்' கட்டளையோடு பெரிய 'எல்' சேர்த்தால் இயக்கி அதை அடையாளம் கண்டதா என்று தெரியும். நிர்வாகிக்குத் தெரிந்து நமக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு ஸ்கேனரில் இல்லை, அனுமதியில். நம் பெயரை 'ஸ்கேனர்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போதும். சில மாடல்களுக்கு மட்டும் கம்பெனி குறுந்தகட்டில் உள்ள ஒரு நிரல்கோப்பைத் தனியே எடுத்துக் கொடுக்கவேண்டும். பழைய குறுந்தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

எதற்கு இத்தனை பாடு என்றால், நம் மாவட்டத்து வீடுகளில் இருக்கும் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களுக்காக. சங்கு முத்திரைத் தாளில், கொல்லம் ஆண்டு போட்டு, சிலது தமிழிலும் சிலது மலையாளத்திலும் இருக்கும். மருமக்கள்வழி முடிந்து நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல். அதற்குப் பிந்தைய பாகப் பத்திரங்களின் மடிப்புகள் இன்று கிழியத் தொடங்கிவிட்டன. தாளை இழுத்துக்கொள்ளும் எந்திரத்தில் அவற்றைக் கொடுத்தால் தூளாகத்தான் திரும்பும். தட்டைக் கண்ணாடிதான் கதி.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் அப்படி ஒரு பத்திரத்தோடு வந்தார்.

"அண்ணாச்சி, கண்ணாடில வச்சா பொடிஞ்சிராதா?"

"மூடிய அழுத்தாம வைப்போம். நீ மடிப்ப மட்டும் மெதுவா விரி."

கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் மங்கிய மையும் முத்திரையும் போயிருக்கும். வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளியில், டிஃப் கோப்பாக எடுத்தோம். எட்டுப் பக்கம், முக்கால் மணி நேரம். நேரில் அவர் கண்ணுக்குத் தெரியாத நான்காம் எல்லை, தெற்கே குளத்தங்கரை என்ற வரி, திரையில் பெரிதாக்கியபோது தெரிந்தது. மலையாளத்தில் எழுதிய இரண்டு பக்கங்களைத் தக்கலையில் ஒரு பழைய ஆதாரமெழுத்துக்காரரிடம் காட்டப் போயிருக்கிறார். அசலை எடுத்துப் போகவில்லை.