இரைப்பைப் புற்றுநோய் மீள்தோற்றம்

இரைப்பைப் புற்றுநோய் மீள்தோற்றம் என்பது, கட்டி முழுவதும் அகற்றப்பட்டதாகக் கருதப்படும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் அதே நோய் மீண்டும் வெளிப்படுவதைக் குறிக்கும். பெரும்பாலான மீள்தோற்றங்கள் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்கின்றன. அறுவையின்போது கண்ணுக்குப் புலப்படாமல் உடலில் எஞ்சியிருந்த புற்று உயிரணுக்களே இதற்கு முதன்மைக் காரணமாகும்.

வரலாறு

1881 சனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்பவர் புற்றுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை முதன்முறையாக வெற்றிகரமாக அகற்றினார். நோயாளியான பெண் அறுவையிலிருந்து தேறினார். எனினும் ஏறத்தாழ நான்கு மாதங்களில் நோய் மீண்டதால் இறந்தார்.

மீளும் இடங்கள்

வயிற்றறையின் உள்ளுறை, கல்லீரல், நிணநீர்க்கணுக்கள், அறுவை நடந்த இடம் ஆகியவற்றில் நோய் மீளக்கூடும்.

காரணிகள்

* ஊடுருவிய ஆழம்: புற்று இரைப்பையின் உட்புறப் படலங்களோடு நின்றிருந்தால் மீள்தோற்றம் அரிது. வெளியுறையைத் துளைத்திருந்தால் உயிரணுக்கள் வயிற்றறைக்குள் உதிர வாய்ப்புண்டு.
* நிணநீர்க்கணுக்கள்: புற்றுப் பரவிய கணுக்களின் எண்ணிக்கை கூடும்போது இடரும் கூடும். நோயின் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 கணுக்களாவது ஆய்வு செய்யப்பட வேண்டும்.
* வெட்டு விளிம்பு: அகற்றிய பகுதியின் விளிம்பில் புற்று உயிரணுக்கள் காணப்படுவது பாதகமான அறிகுறியாகும்.
* திசு வகை: 1965 இல் லாரன் வகுத்த பிரிவுகளுள் 'பரவல் வகை' வயிற்றறை உறையிலும், 'குடல் வகை' கல்லீரலிலும் மீளும் போக்குடையவை.
* அறுவையின் பரப்பு: நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2010 இல் வெளியாயின. அருகிலுள்ள கணுக்களை மட்டும் நீக்கியோரில் 22 விழுக்காட்டினருக்கும், விரிவாக நீக்கியோரில் 12 விழுக்காட்டினருக்கும் அறுவை நடந்த இடத்தில் நோய் மீண்டது. ஆயினும் விரிவான அறுவையை அடுத்த இறப்புகள் மிகுதியாக இருந்தமையால், பயிற்சி மிக்க மருத்துவர் தேவைப்படுகிறார்.
* வேதிச்சிகிச்சை: 2006 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் வேதிமருந்து பெற்றோரில் 36 விழுக்காட்டினரும், அறுவை மட்டும் பெற்றோரில் 23 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தனர்.

எஞ்சிய இரைப்பையில் புதிய புற்று தோன்றுவதும் உண்டு. ஹெலிக்கோபாக்டர் பைலோரி நுண்ணுயிரியை ஒழிப்பதும், புகைத்தலைக் கைவிடுவதும் இவ்விடரைக் குறைக்கும்.

தமிழ்நாட்டில்

1954 இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணி வருகிறது. அப்பதிவேட்டின்படி ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்றாகும்.

தொடக்க அறிகுறிகள் வயிற்றுப்புண்ணை ஒத்திருப்பதால், மதுரை, பரவை போன்ற ஊர்களிலும் அமில மாத்திரையோடு காலம் கடத்த நேர்கிறது. தென்கொரியாவில் 40 வயதைக் கடந்தோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைச் சோதனை செய்யப்படுகிறது. இந்தியாவில் இதற்கெனத் தேசியத் திட்டம் இல்லை. ஆகவே நோய் முற்றிய பின்னரே பலர் அறுவைக்கு வருகின்றனர். மீள்தோற்றத்தின் இடர் அப்போதே பெரும்பாலும் முடிவாகி விடுகிறது.

தொடர் கண்காணிப்பு

முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண்பது வழக்கம். அறுவைக்குப் பின் எடை குறைவது எப்போதும் மீள்தோற்றத்தின் அறிகுறியன்று. உணவளவு குறைவதாலும் அது நேரலாம். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டோர் வாழ்நாள் முழுவதும் உயிர்ச்சத்து பி12 பெற வேண்டும். உணவு இறங்காமை, வயிறு வீங்குதல், மஞ்சள் காமாலை ஆகியன தோன்றினால் உடனே சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* புற்றுநோய்
* வேதிச்சிகிச்சை
* அடையாறு புற்றுநோய் நிலையம்