டூல் போஸ்ட் சிக்குதல்

லேத்தில் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட்டின் கைப்பிடியைத் தளர்த்திய பிறகும் வெட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் ஹோல்டர் கழன்று வராத கோளாறு. ஆப்பு (வெட்ஜ்) வகைப் போஸ்ட்டில் கைப்பிடி ஒரு திருகைச் சுழற்றும். ஆப்பு மேலும் கீழும் நகர்ந்து ஹோல்டரின் டவ்டெயிலை (புறாவால் வடிவப் பள்ளத்தை) போஸ்ட்டோடு இழுத்து இறுக்கும். ஆப்பின் சரிவு குறைவு. அதனால் அதிகமாக முறுக்கினால் உராய்விலேயே பூட்டிக்கொள்ளும். இரும்புத் துகளும் கெட்டியான கிரீஸும் சேர்ந்தால் சிக்கல் முற்றும். மலிவான புதிய போஸ்ட்டென்றால் முதலில் ஓரப் பிசிறைத்தான் சந்தேகிக்க வேண்டும். கைப்பிடியைச் சுத்தியலால் அடிப்பது திருகின் மரைக்குக் கேடு. போஸ்ட்டைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்க் கல்லால் பிசிறை மட்டும் தேய்த்தெடுத்து, மெல்லிய எண்ணெய் பூசி மாட்ட வேண்டும். சரிவுப் பரப்பில் அரம் படவே கூடாது. ராவிவிட்டால் ஹோல்டர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமராது.