அம்மாவுக்கு ஜாமீன்

குடும்பம் இயற்கையானது, அரசு அதற்கு வெளியே நிற்கிறது என்று நம்புகிறவர்கள் அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். யார் சொந்தம், யார் வெளியாள் என்பதை அங்கே அரசுதான் காலந்தோறும் எழுதி அழித்திருக்கிறது.

1924ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரியாகக் கோட்டா வைத்தது. குடிமகனின் மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் விதிவிலக்கு. அப்பா அம்மா? கோட்டாவுக்குள்ளேயே ஒரு முன்னுரிமை, அவ்வளவுதான். இந்தியருக்கு அதுவும் இல்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிமகனே ஆக முடியாதவன் அம்மாவை எங்கே கூப்பிடுவது? 1946இல்தான் அந்தத் தடை நீங்கியது, ஆண்டுக்கு 100 பேர் என்ற கோட்டாவோடு.

1965ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயது நிரம்பிய குடிமக்களின் பெற்றோரை எண்ணிக்கை வரம்பிலிருந்து விடுவித்தது. இதை வெறும் மனிதாபிமானமாக வாசிக்க முடியாது என்பது என் கட்சி. தொழில்திறனை முன்வைத்த அரசு மசோதாவைக் குடும்ப உறவின் பக்கம் திருப்பியவர் ஒஹையோ உறுப்பினர் மைக்கேல் ஃபீகன். இருக்கிறவர்களின் சொந்தக்காரர்களே வந்தால் நாட்டின் நிறம் மாறாது என்பது கணக்கு. கணக்கு தப்பியது. படிப்பைக் காட்டி உள்ளே போன ஆசியர்கள் குடிமக்களாகி, அதே வழியில் பெற்றோரை அழைத்துக்கொண்டார்கள்.

இனத்தால் அடைக்க முடியாததை இனிப் பணத்தால் அடைக்க வேண்டும். 'அரசுக்குப் பாரமாகக் கூடியவர்' என்ற சொல்லாடல் 1882 முதலே உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒப்பந்தமாக்கியது. வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் காட்டிப் பிள்ளை ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அரசு உதவி வாங்கினால் அந்தப் பணத்தை அரசு பிள்ளையிடம் கேட்கலாம். பிள்ளை கைவிட்டால் அம்மாவே வழக்குப் போடலாம். 'பெத்தவளுக்குச் சோறு போட எதுக்குய்யா பத்திரம்?' என்று நாம் புனிதம் பேச வேண்டியதில்லை. நம்மிடமும் 2007 முதல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் இது பெற்றவரைக் காக்க வந்தது. அது முதலில் காப்பது கஜானாவை.

இன்னொன்றையும் பாருங்கள். கிரீன் கார்டுக்காரர் மனைவியையும் மணமாகாத பிள்ளைகளையும் கூப்பிடலாம். பெற்றோரைக் கூப்பிட முடியாது. அதற்குக் குடிமகனாக வேண்டும். பிறந்த நாட்டு விசுவாசத்தைத் துறப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். தாயை அழைக்கத் தாய்நாட்டைக் கைவிட வேண்டும்.

அம்மா குடிமகளானாலோ, நிரந்தரமாகத் திரும்பிப் போனாலோ, இறந்தாலோ ஜாமீன் முடியும். இல்லாவிட்டால் சுமார் பத்தாண்டு உழைப்பு அவள் கணக்கில் ஏற வேண்டும். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, சமைத்து, மகளையும் மருமகனையும் வேலைக்கு அனுப்புகிறாளே, அந்த உழைப்பு அந்தக் கணக்கில் ஏறாது. அது கூலியில்லாத உழைப்பு. யார் யாருக்குப் பாரம் என்ற கேள்வியை நாம் அங்கிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.