ஆங்கில இலக்கணம்: நம் பிள்ளைகள் இடறும் நான்கு இடங்கள்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்றவள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தாள். "டென்ஸ் எல்லாம் பாடம் சேர், ஆனா ஒரு வசனம் வருதில்ல" என்றாள். ஆங்கிலத்தைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பிள்ளைகள் இடறும் இடங்கள் தெளிவாகத் தெரியும்.

1. எழுவாய்: "போகிறேன்" என்ற சொல்லிலேயே 'நான்' அடங்கியிருக்கிறது. ஆங்கில வினையில் அவ்வாறு இல்லை. எனவே 'ஐ கோ' என்று எழுவாயைச் சொல்லியாக வேண்டும். சாதாரண நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பவற்றுக்கு வினையோடு 'எஸ்' ஒலி சேரும்: 'ஹீ கோஸ்'. பெயர்ச்சொல்லில் 'எஸ்' பன்மையைக் காட்டும். வினையில் ஒருமையைக் காட்டும். 'தே கோஸ்' என்ற பிழை இந்தக் குழப்பத்தால் வருவது.

2. ஆம், இஸ், ஆர்: "வாப்பா ஆசிரியர்" என்பது தமிழில் முழு வசனம். ஆங்கில வசனத்துக்கு வினை தேவை: 'மை ஃபாதர் இஸ் எ டீச்சர்'. இதைப் பழகிய பிள்ளை 'ஐ ஆம் கோ' என்றும் சொல்லிவிடுகிறது. வழக்கமாகப் போவது 'ஐ கோ'. இப்போது போய்க்கொண்டிருப்பது 'ஐ ஆம் கோயிங்'.

3. டூ, டஸ், டிட்: கேள்வியிலும் எதிர்மறையிலும் வரும் துணைவினைகள் இவை. காலத்தைத் துணைவினை காட்டிவிடுவதால் பிரதான வினை மூல வடிவிலேயே நிற்கும். 'டிட் யூ வென்ட்' பிழை. 'டிட் யூ கோ' சரி.

4. பிரிபொசிஷன்: தமிழில் உருபு சொல்லின் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் இது முன்னால் வரும். மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. 'அட் ஃபைவ்', 'ஒன் ஃப்ரைடே', 'இன் ரமழான்' என்று பழக்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவுச் சாப்பாட்டின்போது, அன்று நடந்ததை மூன்று ஆங்கில வசனங்களில் சொல்லச் சொல்லுங்கள். முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். சிரிக்காதீர்கள். அந்த மாணவி ஆறாம் வகுப்பில் 'ஐ ஆம் கோ' என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. அன்று நான் அதைத் தடுக்கவில்லை. அவளுக்கு இலக்கணம் தெரியும். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னும் பயப்படுகிறாள்.